அண்மையின் ஆங்கிலமும் நம் மொழிபெயர்ப்புகளும்

அண்மை என்ற சொல் ஒரு பொருளோடு நிற்பதில்லை. இரண்டு இடங்களுக்கு இடையே தொலைவு குறைந்திருப்பதும் அண்மை. ஒரு வயிற்றில் பிறந்தாரிடையே உள்ள உறவும் அண்மை. உள்ளத்தோடு உள்ளம் பொருந்துவதும் அண்மை. அடியான் தன் வணக்கத்தால் இறைவனிடம் பெறும் பதவியும் அண்மையே. இந்நான்கையும் எந்தச் சொல்லால் குறிப்பது, எங்கே ஒன்றாகச் சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் முடிவு செய்கிறது. ஒரு மொழியின் முடிவை மற்றொரு மொழிக்குள் அப்படியே கொண்டு சேர்க்க இயலாது. மொழிபெயர்ப்பாளனின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

இதனை இப்போது ஆராய ஒரு தேவை இருக்கிறது. நம் சமுதாயத்தில் ஆங்கில வழியில் பயின்றோர் பெருகிவிட்டனர். திருக்குர்ஆனின் கருத்தை ஆங்கிலப் பெயர்ப்புகளின் வாயிலாகவே அறிவோர் அவர்களில் மிகுதி. அரபு மூலத்தை ஓதுகிறார்கள். பொருளை ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். பிறகு அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி மேடையிலும் இல்லத்திலும் பேசுகிறார்கள். ஆக, அரபுச் சொல் ஒன்று நம் செவியை அடையுமுன் இரண்டு வாயில்களைக் கடக்கிறது. அவற்றுள் முதல் வாயிலான ஆங்கிலம், அண்மையைச் சொல்லும் முறை எத்தகையது என்பதையும், அதனால் நாம் பெறுவது எது, இழப்பது எது என்பதையும் இக்கட்டுரையில் சீர்தூக்க முயல்வோம்.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பு

அண்மைக்கு ஆங்கிலத்தில் முதலில் நினைவுக்கு வருவது 'நியர்' என்ற சொல். வியப்பு என்னவெனில், பிறப்பில் இது ஓர் ஒப்பீட்டுச் சொல். பழைய ஆங்கிலத்தில் 'நை' என்ற சொல்லே 'அருகில்' எனப் பொருள்பட்டது. 'நியர்' என்றால் 'இன்னும் அருகில்'. 'நெக்ஸ்ட்' என்றால் 'எல்லாவற்றிலும் அருகில்'. இம்மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள். காலப்போக்கில் முதற்சொல் வழக்கொழிய, ஒப்பீட்டுச் சொல் அதன் இருக்கையில் அமர்ந்தது. 'நெக்ஸ்ட்' வரிசையைக் குறிக்கும் சொல்லாயிற்று. எனவே ஆங்கிலத்தின் அடிப்படை அண்மைச் சொல்லில் அளவும் ஒப்பும் பிறவியிலேயே கலந்திருக்கின்றன.

'நெய்பர்' என்பதும் இக்குடும்பத்ததே. 'நை' என்பதோடு குடியானவனைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று கூடி, 'அருகில் உழுது வாழ்பவன்' என்ற பொருளில் எழுந்தது அது. மண்ணின் மணம் உள்ள சொல் என்றே அதனைக் கூற வேண்டும்.

'க்ளோஸ்' என்பதன் வரலாறு வேறு. அடைத்தல், மூடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கதவை மூடுவதற்கும் நெருங்கிய நண்பனைக் குறிப்பதற்கும் ஆங்கிலேயர் ஒரே எழுத்துக் கோவையைக் கையாள்வது இதனாலேயே. இடைவெளி அடைபட்டால் நெருக்கம் உண்டாகிறது என்பது அச்சொல்லின் உள்ளே இருக்கும் சித்திரம். நெருங்கியவர் உள்ளே, மற்றவர் வெளியே என்ற பிரிவும் அதே சித்திரத்தில் அடங்கியிருக்கிறது. 'இன்டிமேட்' என்பதோ, 'மிக உள்ளே இருப்பது' என்ற இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல். 'கம்பேனியன்' உணவோடு தொடர்புடையது: ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன். 'ஃப்ரெண்ட்' அன்பு செலுத்துதலைக் குறிக்கும் பழைய வினையின் மகவு.

இவற்றுள் 'காஸிப்' என்ற சொல்லின் கதை தனிச்சுவை உடையது. இன்று வீண்பேச்சு, புறம்பேச்சு எனப் பொருள்படும் அச்சொல், தொடக்கத்தில் கிறித்தவத் திருமுழுக்கின்போது குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நிற்பவரைக் குறித்தது. இறைவன் பெயரால் அமைந்த உறவு என்பது அதன் பொருள். அந்த நெருக்கத்தில் பேச்சு பெருகியது, பேச்சு வம்பாயிற்று, வம்பே சொல்லின் முழுப்பொருளுமாயிற்று. நெருக்கம் தன் கடமையை மறந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அகராதியே தரும் சான்று இது. புறம் பேசுதலை இறந்த உடன்பிறப்பின் தசையை உண்பதற்கு ஒப்பிட்டு எச்சரிக்கும் மறையைக் கற்றவர்களுக்கு இச்சொல்வரலாறு சிந்தனையைத் தூண்டாமற்போகாது.

மரபுத்தொடர்கள்: ஓர் அவசரத் தீர்ப்பைத் தவிர்ப்போம்

தனிச்சொற்களைவிட மரபுத்தொடர்களில் ஒரு மொழியின் மனம் வெளிப்படும் என்பர். ஆங்கிலத்தில் தொலைவின் குறைவைச் சொல்லக் 'கல்லெறி தூரம்' என்கிறார்கள். இருவர் நெருக்கத்தைச் சொல்லத் 'திருடரைப் போல் நெருக்கமானவர்' என்கிறார்கள். 'கையுறைக்குள் கை போல' என்பது பெரும்பாலும் இரகசியக் கூட்டுக்கே வழங்குகிறது. 'கழுத்துக்குக் கழுத்து' என்பது பந்தயக் குதிரைகளிடமிருந்து வந்த போட்டிச் சொல். மயிரிழையில் தப்புவதை 'நெருங்கிய சவரம்' என்கிறார்கள். 'சுகப்படாத அளவு நெருக்கம்' என்றும் ஒரு தொடர் உண்டு.

இவற்றை மட்டும் அடுக்கிக் காட்டி, ஆங்கிலேயருக்கு அண்மை என்பது ஆபத்தும் சூழ்ச்சியும் போட்டியுமே என்று தீர்ப்பளிப்பது எளிது. நம் மேடைகளில் அவ்வாறு சொல்வோரும் உளர். அது நேர்மையான திறனாய்வாகாது. 'அண்மையரும் அன்பரும்' என உறவினரை இணைத்துச் சொல்லும் தொடரும், 'நெஞ்சத்து நண்பன்' என்ற தொடரும் அம்மொழியில் உண்டு. மேலும் கல்லெறி தூரம் ஆங்கிலத்துக்கே உரியதன்று. நபி மூஸா (அலை) அவர்கள் தம் இறுதி நேரத்தில், புனித பூமிக்குக் கல்லெறியும் தொலைவு அளவிற்குத் தம்மை அண்மையாக்குமாறு இறைவனிடம் வேண்டினார்கள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. கல்லெறி, வில்லின் அளவு, சாண், முழம் என உடலாலும் கருவியாலும் தொலைவை அளப்பது மனிதகுலம் முழுவதற்கும் பொது.

நம் தமிழை எடுத்துக்கொண்டாலும் நிலை இதுவே. 'கூப்பிடு தூரம்' என்றும் 'நகமும் சதையும்' என்றும் இனிமையாகச் சொல்லும் அதே மொழியில்தான் 'நெருக்கடி' என்ற சொல்லும் 'நெருக்குதல்' என்ற சொல்லும் பிறந்துள்ளன. தூர இருந்தால் சேர உறவு, கிட்டப் போனால் முட்டப் பகை என்ற பழமொழியைப் படைத்தவரும் தமிழரே. ஆகவே வேறுபாட்டை மரபுத்தொடர்களின் இனிமை கசப்பில் தேடுதல் வீண். அண்மைச் சொல்லிலிருந்து கடமைச் சொல் பிறக்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அரபின் வேர்கள்

அரபு மொழியில் காஃப், றா, பா என்ற மூவெழுத்து வேர் அண்மைக்கு உரியது. 'கரீப்' என்றால் அருகில் உள்ளவர். 'அக்ரிபா' என்றால் சுற்றத்தார். 'கராபத்' என்றால் உறவு. 'தகர்ருப்' என்றால் இறைவனை நெருங்க முயலுதல். 'முகர்ரபூன்' என்றால் அவனது அண்மை அருளப்பட்டோர். 'குர்பான்' என்றால் அவ்வண்மையை நாடிச் செலுத்தும் காணிக்கை. இடம், இரத்தம், வணக்கம் ஆகிய மூன்றும் ஒரே வேரில் பூத்திருப்பதைக் காண்க. ஆங்கிலத்தில் 'குர்பான்' என்பதை 'ஸாக்ரிஃபைஸ்' என்று பெயர்த்தவுடன், 'புனிதமாக்குதல்' என்ற இலத்தீன் கருத்து வருகிறது, அண்மை மறைகிறது. தமிழில் 'பலி' என்றாலும் அதே இழப்பு. நம் முன்னோர் 'குர்பானி' என்ற சொல்லையே தமிழில் நிலைநாட்டியது சோம்பலால் அன்று என்பது இதனால் விளங்கும்.

இலக்கண ஆசிரியர்கள் இவ்வேரில் கண்ட நுட்பம் ஒன்றையும் குறிப்பிடலாம். ஹிஜ்ரி 207இல் மறைந்த கூஃபா மரபின் பேராசிரியர் அல்ஃபர்ரா, 'கரீப்' என்பது இடம் அல்லது கால அண்மையைக் குறித்தால் பெண்பாற் பெயரோடும் ஆண்பால் வடிவிலேயே வரலாம் என்றும், இரத்த உறவைக் குறித்தால் பெண்ணுக்குப் பெண்பால் வடிவம் வேண்டும் என்றும் பிரித்துரைத்தார். தெரு அண்மைக்கும் உறவு அண்மைக்கும் உள்ள வேற்றுமையை இலக்கணமே காக்கும் காட்சி இது.

தால், நூன், வாவ் என்ற மற்றொரு வேரிலிருந்து 'துன்யா' என்ற சொல் வருகிறது. 'மிக அண்மையில் உள்ள வாழ்வு' என்பது அதன் சொற்பொருள். ஆங்கிலத்தில் 'வேர்ல்ட்' என்றும் தமிழில் 'உலகம்' என்றும் பெயர்க்கிறோம். இரண்டிலும் அண்மைக் கருத்து இல்லை. ஆனால் தமிழில் 'இம்மை' என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. 'இ' என்ற அண்மைச் சுட்டிலிருந்து எழுந்த அச்சொல், 'துன்யா'வின் பொருளுக்கு 'உலக'த்தைவிட நெருங்கியது. 'மறுமை' என்பதை நாள்தோறும் வழங்கும் நாம், அதன் இணையான 'இம்மை'யை ஏட்டில் மட்டும் விட்டுவைத்திருப்பது ஏனோ?

கழுத்தின் நாளம்

இனி எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். காஃப் என்னும் ஐம்பதாவது அத்தியாயத்தின் 16ஆம் வசனம், மனிதனுக்கு இறைவனின் அறிவு எத்துணை அண்மையில் உள்ளது என்பதைக் கழுத்திலுள்ள இரத்தநாளத்தோடு ஒப்பிட்டு உணர்த்துகிறது. 'ஹப்லுல் வரீத்' என்பது மூலத்தில் உள்ள தொடர். பிக்தால் (1930), யூசுஃப் அலி (1934 முதல் 1937 வரை வெளிவந்தது), ஆர்பெர்ரி (1955) ஆகிய மூவரும் இதனை 'ஜுகுலர்' நாளம் எனப் பெயர்த்தனர். உடற்கூற்றியல் நோக்கில் இது தவறன்று. ஆனால் ஆங்கில வழக்கில் 'ஜுகுலரைக் குறிவைத்தல்' என்பது, எதிரியின் உயிர்நிலையைப் பாய்ந்து பற்றும் தாக்குதலுக்கு மரபுத்தொடராகிவிட்டது. வேட்டை விலங்கின் பல்லை நினைவூட்டும் சொல்லாக அது மாறியபின், உயிருக்கும் உயிராக அறிந்திருப்பவன் என்ற அன்புகலந்த எச்சரிக்கை, அச்சம் மட்டுமே தொனிக்கும் மிரட்டலாக இளைஞர் செவியில் ஒலிக்கக்கூடும். முஹம்மத் அஸத் (1980) மருத்துவச் சொல்லை விடுத்துக் 'கழுத்து நாளம்' என்று எளிமையாகச் சொன்னது இவ்வகையில் சிறப்புடையது.

ஆங்கிலத்தைக் குறைகூறும் நாம் நம் தமிழையும் பார்க்கவேண்டும். தமிழ்ப் பெயர்ப்புகளில் பரவலாகப் பழகிப்போன சொல் 'பிடரி நரம்பு'. பிடரி என்பது கழுத்தின் பின்புறம். 'வரீத்' என்பது கழுத்தின் பக்கங்களில் ஓடுவது. நரம்பு என்ற சொல் பண்டைத் தமிழில் இரத்தநாளத்தையும் தழுவியது. இன்றைய பள்ளிப் பாடநூலில் அது உணர்வைக் கடத்தும் நரம்பு மட்டுமே. போதாக்குறைக்கு, பிடரியைப் பிடித்துத் தள்ளுதல், கால் பிடரியில் பட ஓடுதல் என்ற இரு வழக்குகளிலும் பிடரி விரட்டலுக்கும் ஓட்டத்துக்கும் உரிய உறுப்பாகவே வருகிறது. அண்மையைச் சொல்லவந்த இடத்தில் துரத்தலின் நிழல் விழுகிறது. 'கழுத்தின் உயிர்நாளம்' என்பது போன்ற ஒரு சொல்லாட்சியை வருங்காலப் பெயர்ப்பாளர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

'வலீ' என்பவர் நண்பரா?

சொல் தவறினால் சமூகமே தவறக்கூடும் என்பதற்குச் சான்று 'வலீ' என்ற சொல். அதன் வேரை விளக்கும் இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ (ரஹ்), இரண்டு பொருள்கள் தமக்கிடையே அந்நியமான எதுவும் புகாதவாறு அடுத்தடுத்து இருத்தல் என்ற கருத்தை அடிப்படையாகக் கொள்கிறார். அங்கிருந்தே உதவுதல், பொறுப்பேற்றல், ஆட்சி, அரவணைப்பு ஆகிய பொருள்கள் கிளைக்கின்றன. மணப்பெண்ணுக்கு 'வலீ'யாக நிற்பவரை யாரும் அவளுடைய நண்பர் என்று கூறுவதில்லை. இடைவெளியற்ற பொறுப்பே அச்சொல்லின் உயிர்.

மாயிதா அத்தியாயத்தின் 51ஆம் வசனத்தில் வரும் 'அவ்லியா' என்ற பன்மையைப் பிக்தாலும் ஆர்பெர்ரியும் 'நண்பர்கள்' என்று பெயர்த்தனர். யூசுஃப் அலி 'பாதுகாவலர்' என்ற சொல்லையும் உடன் சேர்த்துச் சமன்செய்ய முயன்றார். அஸதும், 2004இல் வெளிவந்த பெயர்ப்பில் அப்துல் ஹலீமும் 'கூட்டாளிகள்', அதாவது அரசியல் அணி என்ற பொருள்தரும் சொல்லை ஆண்டனர். 'ஃப்ரெண்ட்' என்ற அன்புச் சொல்லை மட்டும் கண்டு, யூத, கிறித்தவ அண்டைவீட்டாரோடு நட்பே கூடாது என மறை தடுப்பதாகச் சொல்லும் எதிர்ப்பாளர்களும் உளர். அதனை அப்படியே நம்பும் நம்மவர்களும் உளர். போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தெளிவாக அனுமதித்திருக்க, ஒரு பெயர்ப்புச் சொல் இரு வசனங்களையும் மோதவிட்டுவிட்டது.

இது புத்தகப் பூசல் மட்டுமன்று. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் கிறித்தவ ஆளுநராக இருந்த பாசுக்கி ட்ஜஹாஜா புர்னாமா, 2016 செப்டம்பரில் இதே வசனத்தைச் சுட்டி ஆற்றிய உரை பெரும் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. 2017 மே மாதம் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்தோனேசிய மொழிப் பெயர்ப்புகளில் அச்சொல் 'தலைவர்கள்' என்று ஓரிடத்தும் 'உற்ற நண்பர்கள்' என்று மற்றோரிடத்தும் இருந்தமை அன்று நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. ஒரு வசனம், ஒரு சொல், இரு பெயர்ப்புகள். அவற்றின் நடுவே ஒரு தேர்தலும் ஒரு சிறைவாசமும். தமிழிலும் அச்சொல்லுக்குப் பாதுகாவலர், நண்பர், உற்ற தோழர் எனப் பல பெயர்ப்புகள் உலவுகின்றன. இறைவனின் 'வலீ'யை நாம் 'இறைநேசர்' என்கிறோம். அங்கே அண்மை நேசமாகிறது. அது அழகிய ஆக்கம். ஆனால் அதே நேசத்தை 51ஆம் வசனத்துக்குள் கொண்டுபோய் வைத்தால் பொருள் திரியும். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒரே விதமாகப் பெயர்ப்பது நேர்மை எனக் கருதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

அயலும் அண்டையும்

நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் நன்மை செய்யப்பட வேண்டியோரின் பட்டியலில் மூவகை அண்மையரை வரிசைப்படுத்துகிறது: 'ஜார் தில்குர்பா', 'ஜாருல் ஜுனுப்', 'ஸாஹிபு பில்ஜன்ப்'. முதலிருவரைப் பிக்தாலும் ஆர்பெர்ரியும் உறவினரான அண்டைவீட்டார், உறவினரல்லாத அண்டைவீட்டார் என்ற போக்கில் பெயர்த்தனர். யூசுஃப் அலி முதல்வரை இடத்தால் அண்மையர் எனக் கொண்டார். அஸத், தம் சமூகத்தைச் சேர்ந்தவர், பிறர் என விரித்தார். மூன்று பொருள்களுக்கும் விரிவுரைகளில் இடமுண்டு. ஆங்கிலத்தில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நெருக்கடி. அரபிலோ 'குர்பா' மூன்றையும் ஒருங்கே தாங்குகிறது.

'ஜுனுப்' என்ற சொல் இன்னும் ஆழமானது. அதன் வேரான 'ஜன்ப்' என்பதற்கு விலா, பக்கம் என்று பொருள். அவ்வேரிலிருந்தே விலகுதல், அந்நியமாதல் என்ற பொருள்களும் வருகின்றன. பக்கத்தில் இருப்பவன் என்பதும் ஒதுங்கி இருப்பவன் என்பதும் ஒரு வேரின் இரு முகங்கள். ஆங்கிலத்தில் 'நெய்பர்' ஒரு சொல், 'ஸ்ட்ரேஞ்சர்' வேறு சொல். ஒன்றையொன்று அவை அறியா. தமிழிலோ 'அயல்' என்ற சொல் இருக்கிறது! அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் அந்நிய நாடு. அயலார் என்றால் அண்டையரும் ஆவர், அந்நியரும் ஆவர். யாழ்ப்பாணத்தார் இன்றும் 'அயலட்டை' என்று தம் சுற்றுவட்டாரத்தைச் சொல்கின்றனர். தமிழகப் பேச்சில் அப்பொருள் மங்கி அந்நியப் பொருளே மேலோங்கிவிட்டது. 'ஜாருல் ஜுனுப்' என்பதற்கு 'அயலான அண்டைவீட்டார்' என்பதைவிடப் பொருத்தமான பெயர்ப்பு ஆங்கிலத்தில் கிட்டாது. தமிழில் கையருகே கிடக்கிறது.

மூன்றாமவரான 'ஸாஹிபு பில்ஜன்ப்' என்பவர் விலாவை ஒட்டி இருப்பவர். பயணத்துணை, வாழ்க்கைத்துணை, உடன் அமர்ந்து கற்பவர், உடன் பணிபுரிபவர் என விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கினர். பிக்தால் இதனை 'ஃபெல்லோ டிராவலர்' என்று சுருக்கினார். அவர் எழுதிய சில ஆண்டுகளிலேயே, கட்சியில் சேராமல் பொதுவுடைமைக் கொள்கைக்கு ஆதரவு காட்டுவோரைக் குறிக்கும் அரசியல் சொல்லாக அது ஆங்கிலத்தில் பரவிவிட்டது. சொற்கள் பெயர்ப்பாளனின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. இதைக் கூறுவது பிக்தாலைக் குறைப்பதாகாது. 1927இல் சென்னைக்கு வந்து இஸ்லாமியப் பண்பாடு குறித்துத் தொடர்ச் சொற்பொழிவுகள் ஆற்றி, நம் முன்னோரோடு அண்மை கொண்டிருந்த பெருந்தகை அவர். அவருடைய பெயர்ப்பை மதிப்பதற்கு அதனை எடைபோடுவதும் ஒரு வழி.

சட்டத்தில் செத்த அண்மை

ஆங்கிலச் சொல்லால் உரிமையின் முகமே மாறியதற்கு 'ஷுஃப்ஆ' தலையாய சான்று. ஒரு வீடோ நிலமோ விற்கப்படும்போது, அதே விலைக்கு அதனைப் பெறக் கூட்டு உரிமையாளருக்கு உள்ள முன்னுரிமையே ஷுஃப்ஆ. ஹனஃபி மத்ஹப் அதனை அடுத்துள்ள அண்டைவீட்டாருக்கும் வழங்குகிறது. ஷாஃபிஈ உள்ளிட்ட பிற மத்ஹப்கள் கூட்டு உரிமையாளரோடு நிறுத்திக்கொள்கின்றன. இச்சொல்லின் வேர் 'ஷஃப்உ', அதாவது இரட்டை. ஒற்றையை மற்றொன்றோடு சேர்த்து இணையாக்குதல். பரிந்துரையைக் குறிக்கும் 'ஷஃபாஅத்' அதே வேரில் எழுந்ததே.

ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் இதற்கு 'ப்ரீஎம்ப்ஷன்' என்ற சொல்லைச் சூட்டின. 'முந்திக்கொண்டு வாங்குதல்' என்பது அதன் இலத்தீன் பொருள். இணைத்தல் போயிற்று, முந்துதல் வந்தது. தமிழில் நாமும் அதைப் பார்த்தே 'முன்வாங்கும் உரிமை' என்று எழுதுகிறோம். 1870இல் சென்னை உயர்நீதிமன்றம், இப்ராஹீம் சாயிபு வழக்கில், இவ்வுரிமை சென்னை மாகாணத்து முஸ்லிம்களுக்குச் சட்டமாகப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. சொத்தை விற்கும் சுதந்திரத்துக்கு அது தடை என்பது நீதிமன்றத்தின் நோக்கு. வழக்காறாக நிலைத்திருந்த மலபார்ப் பகுதி மட்டும் விதிவிலக்காயிற்று. பின்னர் 1962இல், பாவ் ராம் வழக்கில், அண்டை நிலத்தவர் என்ற ஒரே காரணத்தால் கோரப்படும் முன்னுரிமை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டு உரிமையாளரின் முன்னுரிமையை ஏற்றது.

இத்தீர்ப்புகளில் நியாயமே இல்லை என நாம் வாதிடவில்லை. வேண்டாதவரை ஊருக்குள் வரவிடாமல் தடுக்க முன்னுரிமை பயன்பட்டது என்ற கவலை நீதிபதிகளுக்கு இருந்தது, அது பொருளற்றதன்று. 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஷாஃபிஈ நிலைக்கு அணுக்கமாக வந்து நிற்பதையும் ஃபிக்ஹு கற்றோர் அறிவர். நாம் சுட்டுவது வேறொன்று. இணைப்பு என்ற பெயரோடு நீதிமன்றம் ஏறவேண்டிய ஓர் உரிமை, முந்துதல் என்ற பெயரோடு ஏறியது. சந்தையைத் தடுக்கும் ஒன்றாகவே அது அங்கே காட்சியளித்தது. ஷுஃப்ஆவின் கருத்தாகிய, புதியவர் வரவால் பழையவருக்குத் தீங்கு நேராது காத்தல் என்பது அச்சொல்லில் தெரியவே இல்லை.

காட்டுப்பாக்கத்தின் விளம்பரப் பலகைகள்

நாம் வாழும் காட்டுப்பாக்கம், பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடத்தில் இதன் பெயரால் ஒரு நிலையம் அமைந்ததும், மனை விற்போரின் விளம்பரங்களில் அண்மை பெருவெள்ளமாகப் பாயத் தொடங்கியது. 'போரூருக்கு க்ளோஸ்', 'மெட்ரோவுக்கு வாக்கபிள்', 'பைபாஸுக்கு ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்', 'பள்ளிவாசலுக்கு நியர்' என எல்லாமே அண்மை. எதற்கு அருகில் என்பது ஒவ்வொரு பலகையிலும் உண்டு. யாருக்கு அருகில் என்பது ஒன்றிலும் இல்லை. நிமிடங்களால் அளக்கப்பட்டுச் சதுர அடி விலையில் ஏற்றப்படும் அண்மை அது. வாங்கியபின் குடியேறும் வளாகத்துக்கும் 'கேட்டட் கம்யூனிட்டி' என்றே பெயர். 'க்ளோஸ்' என்ற சொல்லின் பழைய இலத்தீன் பொருளாகிய அடைத்தல், கட்டடமாகவே எழுந்து நிற்கிறது.

வணிகர்களை நோவதில் பயனில்லை. அவர்கள் தம் தொழிலைச் செய்கின்றனர். நம் வினா நம்மை நோக்கியது. தமக்கு இரண்டு அண்டைவீட்டார் இருப்பதாகவும், அவர்களில் யாருக்கு அன்பளிப்பு தருவது என்றும் அன்னை ஆயிஷா (ரலி) கேட்டபோது, வாசல் மிக அருகில் உள்ளவருக்கு என்று பெருமானார் (ஸல்) விடையளித்ததாகப் புகாரியில் வருகிறது. இங்கேயும் தொலைவு அளக்கப்படுகிறது. ஆனால் அளவு முடிந்த இடத்தில் ஒரு கொடை தொடங்குகிறது. அண்டைவீட்டார் யார் என வினவப்பட்ட ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள், முன்னும் பின்னும் வலமும் இடமும் நாற்பது நாற்பது வீடுகள் என்று விரித்துரைத்ததாக இமாம் புகாரி (ரஹ்) 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் பதிவுசெய்துள்ளார்கள். இன்றைய அடுக்ககத்தில் நாற்பது வீடு என்பது மாடிப்படிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் மின்தூக்கியில் உடன் ஏறுபவரின் பெயரை அறியாதோர் எத்தனை பேர்!

செய்யத்தக்கவை

ஆங்கிலத்தைத் துறக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அது ஆகாத காரியம், வேண்டாத காரியமும்கூட. அண்மைச் சொற்களை ஆங்கிலத்தில் கற்பவருக்கு மூன்று எச்சரிக்கைகள் போதும். ஒன்று, 'ஃப்ரெண்ட்', 'க்ளோஸ்', 'நெய்பர்' என்ற சொற்களைப் பெயர்ப்பில் காணும்போது மூலத்தின் வேர் எது என்று கேட்க வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல்லின் பின்னே வெவ்வேறு அரபு வேர்கள் மறைந்திருக்கக்கூடும். இரண்டு, ஒரு பெயர்ப்போடு நில்லாமல் இரண்டு மூன்றை ஒப்பிட வேண்டும்; அவை வேறுபடும் இடமே மூலத்தின் ஆழம் உள்ள இடம். மூன்று, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வராமல் அரபிலிருந்தே தமிழுக்கு வர முயல வேண்டும். இம்மை, அயல், சுற்றம், கிளை என்ற சொற்கள் அங்கே காத்திருக்கின்றன.

அரபுக் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. தஃப்ஸீரையும் ஃபிக்ஹையும் உயர்ந்த தரத்தில் கற்பிக்கும் நாம், தமிழ்ச் சொல்லாட்சியைப் பாடமாகக் கருதுவதில்லை. பட்டம் பெற்று மிம்பரில் ஏறும் மாணவன், 'ஜாருல் ஜுனுப்' என்பதை எந்தத் தமிழில் சொல்வது என்று தயங்கி ஆங்கிலப் பெயர்ப்பைப் புரட்டும் நிலை மாற வேண்டும். வேர்ச்சொல் வாரியாக அரபு, தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒப்பிடும் சிறு கையேடுகளை ஆசிரியர்களும் மாணவர்களும் கூடித் தொகுக்கலாம். 'கரீப்', 'வலீ', 'ஜார்' என்ற மூன்று சொற்களோடு தொடங்கினாலும் போதும். அம்மூன்றையும் சரியாக அறிந்த ஒரு தெருவில், யார் அயலார் என்ற கேள்விக்கு விடை தேட அகராதி வேண்டியிராது.